தூங்கிப் பார்த்து வாங்குங்கள்

ஆஸ்திரேலியாவின் லான்செஸ்டன் ஊரில், டயர் கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் நடுவில் இருந்த குரோதர் மெத்தைக் கடைக்கு ஒரு நாளில் நாலு பேர் வந்தாலே கூட்டம் என்றாகிவிட்டது. ஊரே மெத்தையை ஃபோனில் வாங்கத் தொடங்கியிருந்தது. அமுக்கிச் சுருட்டிய மெத்தை அட்டைப் பெட்டியில் வாசலுக்கு வந்து இறங்கும். மாதக்கணக்கில் படுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பியும் கொடுக்கலாம். விற்கிறவர் தலைமாட்டில் நிற்க, ஷூவைக் கழற்றாமல் அரை நிமிடம் மல்லாந்து கிடந்து முடிவு செய்ய வேண்டுமென்று யாருக்குத் தலையெழுத்து?

கடைக்காரர் லிண்ட்சே குரோதர் மெல்பர்னிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். "பொருளை விக்காதீங்க, அனுபவத்தைக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அன்றைக்கே விமானம் ஏறினார். அது என்ன அனுபவம் என்று கண்டுபிடிக்கும் வேலை நெரிடா தலையில் விழுந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அந்தக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தவள் நெரிடா. மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, இவள் இன்னும் அங்கேதான்.

"நெசமாவே தூங்க விடலாமே" என்றாள். "பின்னாடி ரூம்ல பழைய சாமான்தானே கெடக்கு."

"கடைக்கு வந்து எவன் தூங்குவான்?"

"யோவ், மத்தியானம் ஆனா நீ கவுண்டர்ல தூங்குறியே, அது என்னவாம்?"

லிண்ட்சேயே சுண்ணாம்பு அடித்தார். கனமான திரைச்சீலை, இடையில் தட்டிகள், மூன்று கட்டில், சலவை வாசனையோடு விரிப்பு. ஒரு மணி நேரம் தூங்கலாம். எழுந்ததும் தேநீர், பிஸ்கட். 'தூங்கிப் பார்த்து வாங்குங்கள்' என்று நெரிடா வாசலில் எழுதி வைத்தாள். உள்ளூர் ரேடியோவில் கேலியாகப் பேசினார்கள். அதைக் கேட்டே ஜனம் வந்தது.

வந்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். ஒரு லாரி டிரைவர் விட்ட குறட்டையில் முன்பக்கம் நின்ற வாடிக்கையாளர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் எழுந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, மெத்தையின் பெயர்ச் சீட்டை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, "ரொம்ப அருமை" என்று கையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் கடைக்குள் நின்றபடியே ஃபோனில் ஆர்டர் போட்டார். "இந்தப் பேருக்கு எழுத்து எப்படி வரும்மா?" என்று நெரிடாவிடமே கேட்டார். அவளும் சொன்னாள். சொல்லாமல் என்ன செய்வது?

வெரிட்டி டங்க்ஸ் வந்தது அந்தச் சமயத்தில்தான். எழுபதை நெருங்கும் பெண்மணி. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நான் வாங்க மாட்டேன். முன்னாலயே சொல்லிடுறேன். வீட்டுல நல்ல மெத்தைதான். படுக்கத்தான் முடியல."

கணவருக்கு மறதி நோய் முற்றியிருந்தது. ராத்திரி முழுக்க எழுந்து நடப்பார், கதவைத் திறப்பார், அடுப்பைத் திருகுவார். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். மூன்று மணிக்குப் போய்விடுவாள்.

"அந்த நேரம் நான் வீட்டுல இருந்தா என்னையேதான் கூப்பிட்டுக்கிட்டு இருப்பாரு. வெளியில இருந்தாத்தான் எனக்கு ஓய்வு. கடைத்தெருவுல எத்தன நேரம் சுத்துறது, சொல்லுங்க."

நெரிடா மூலைக் கட்டிலைக் காட்டினாள். தலையணையில் தலை பட்டதுதான் தெரியும், கிணற்றில் போட்ட கல்லைப் போல ஆழ்ந்துவிட்டார். எழுப்பியபோது எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஒரு கணம் சிறுமிபோலப் பார்த்தார். பிறகு ஞாபகம் வந்தது. முகம் மறுபடி பழைய முகமானது.

அதிலிருந்து செவ்வாயும் வியாழனும் வந்தார். லிண்ட்சேக்குப் பொறுக்கவில்லை.

"இன்னைக்கும் வந்திருக்காங்களா? இது கடையா, சத்திரமா?"

"நீயே போய் எழுப்பி அனுப்பேன்."

வேகமாகப் போனார். தட்டியை விலக்கினார். அப்படியே நின்றார். சத்தம் காட்டாமல் திரும்பி வந்து, ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குளிர்காலம் பாதி போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை வெரிட்டி உள்ளே வராமல் வாசலிலேயே தயங்கினார்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு. பெர்த்துல இருக்கிற மகன்கிட்ட, கடையில போய்த் தூங்குறேன்னு வாய விட்டுட்டேன். வீட்டு மெத்தை சரியில்லன்னு நெனச்சுட்டான். ஒண்ணு வாங்கி அனுப்பிட்டான். பெட்டியில. நான் இன்னும் பிரிக்கவே இல்ல."

கவுண்டரில் இருந்த லிண்ட்சே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போய்ப் படுங்கம்மா" என்றார். "உங்க கட்டில் காலியாத்தான் இருக்கு."

கடையை மூடும் செய்தியை அவர் நெரிடாவிடம் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். அவளுக்குப் புதிதில்லை, விற்பனை எப்படிப் போகிறது என்பது அவருக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

"உன் யோசனையில குத்தமே இல்ல நெரிடா. ஜனங்க வந்தாங்க. வந்தவங்கள வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியாமப் போச்சு."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

பாதி விலை என்று பலகை வைத்ததும், இத்தனை நாள் எங்கே இருந்தார்களோ, அத்தனை பேரும் வந்தார்கள். பின்னறைக் கட்டில்கள்தான் முதலில் போயின. அடுத்து வந்தது செவ்வாய்க்கிழமை. வெரிட்டி நேராகப் பின்னறைக்கு நடந்து, வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெரிடா ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். ஃபோன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

"அதனாலென்ன" என்றார் வெரிட்டி. "கார்ல படுத்துக்கிறேன். நல்லா வெயில் அடிக்குது. மூணுக்கு முன்னால கண்ணாடியக் கொஞ்சம் தட்டுவீங்களா?"

முன்பக்கம் ஒரு புதுமணத் தம்பதி தலையணைக்குப் பேரம் பேசினார்கள். நெரிடா அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தாள். வெள்ளைக் காரின் இருக்கை சாய்ந்தது. பெயிண்ட் கடைக்கு வந்த லாரி ஹாரன் அடித்தபடி பின்னோக்கி வந்தது. இருக்கை நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

நேரமானதும் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். வெரிட்டி கண்ணை மூடியிருந்தாரே தவிரத் தூங்கியிருக்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"பரவாயில்ல, கண்ணாவது மூடியிருந்தேன். வியாழக்கிழமையும் இங்கயே நிறுத்திக்கட்டுமா? நீங்க எழுப்பி விடுவீங்கல்ல?"

மறுநாள் புதன்கிழமையோடு கடைச் சாவியைக் கட்டிட உரிமையாளரிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

"வாங்க" என்றாள் நெரிடா.

வெள்ளைக் கார் பெரிய சாலைக்குத் திரும்பியது. உள்ளே தம்பதி தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.