மூடி இல்லாத டிரம்

இட்லி மாவில் உப்புப் போட்டுக் கலக்கும் வேலையை மட்டும் சகுந்தலா யாரிடமும் விட்டதில்லை. அரிசி களைவது கொழுந்தன் மனைவி லதா. பாக்கெட்டில் ஊற்றிக் கட்டுவது மீனவர் குப்பத்திலிருந்து வரும் ஜெசிந்தா. ஆனால் முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து வாரி வாரிக் கலக்குவது சகுந்தலாவின் கைதான். அவள் கைச்சூட்டுக்கு மாவு பூவாகப் பொங்கும் என்று, தினமும் வாங்கும் அணுமின் நிலையத்து அணுபுரம் குவார்ட்டர்ஸ் பெண்கள் சொல்வார்கள்.

அந்தக் கை இப்போது மடியில் கிடந்தது. விரல் கணுக்கள் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு தம்ளரைத் தூக்கவே இரண்டு உள்ளங்கையும் வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருடத்து மழையோடு வந்த சிக்குன்குனியா, புதுப்பட்டினத்தில் ஒரு வீட்டையும் விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இளசும் கிழடும் ஒரே மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஜெசிந்தா விழுந்தாள். அடுத்து லதா. கடைசியில் சகுந்தலா. காய்ச்சல் சீக்கிரமே போய்விட்டது. வலி மட்டும் மூட்டு மூட்டாகக் குடியேறிவிட்டது.

அதையும் தாங்கியிருப்பாள். மாவுக்கடையில் மூன்று பேருக்கும் காய்ச்சல் என்ற செய்தி அணுபுரத்தை எட்டியதுதான் தாங்கவில்லை. அவள் கணவன் வெங்கடேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். காலையில் ஆட்டோ நிறைய மாவு ஏற்றிக்கொண்டு போனவன், அப்படியே திரும்பக் கொண்டுவந்தான். பாக்கெட்டுகள் புளித்து உப்பி வெடித்தன. தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தவன், இன்றைக்கு ரோட்டில் கூட்டமே இல்லை என்று வேறு ஏதோ பேசினான். அவளைப் பார்க்காமல் பேசினான்.

"நான் போய்ப் பேசறேன். ஆட்டோ எடு" என்றாள்.

"வூட்டுப் படியே எறங்க முடியல. நீ மாடி மாடியா ஏறப் போறியா?"

"தூக்கினு போ. கட்டிக்கினு வந்தப்ப தூக்கினதானே?"

"அப்ப நீ இந்த வெயிட் இல்ல சகு" என்றான். ஆனாலும் ஆட்டோவை எடுத்தான். ஒவ்வொரு மாடியிலும் தோளைக் கொடுத்து ஏற்றினான். அவள் கதவு தட்டும்போது மட்டும் கீழ்ப்படியில் ஒதுங்கி நின்றுகொண்டான்.

சிலர் கதவைப் பாதி திறந்தே பேசி அனுப்பினார்கள். சுஜாதா மட்டும் உள்ளே உட்காரச் சொன்னாள். பிளாக்கில் அவள் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள். அது சகுந்தலாவுக்குத் தெரியும்.

"தப்பா எடுத்துக்காதீங்க சகுந்தலா. குழந்தைங்க இருக்கிற வீடு, அதான் பயம்."

"கொசு கடிச்சா வர்ற ஜுரம்மா இது. டாக்டரே சொன்னாரு. மாவு இன்னா பண்ணும்? எங்க வூட்டாண்ட ஒரு சாக்கடை கெடையாது. தண்ணி கண்ணாடி மாதிரி கீது. வந்து பாருங்க."

சுஜாதா கொஞ்ச நேரம் அந்த வீங்கிய விரல்களையே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் சஹானாவின் பிறந்தநாளுக்குப் பிளாக் முழுவதற்கும் டிபன், அதற்கு மாவு கொடுங்கள் என்றாள். திரும்பும் வழியெல்லாம் சகுந்தலாவுக்கு வலியே தெரியவில்லை. பிளாக் முழுக்க ஒருமுறை சாப்பிட்டுவிட்டால் போதும், கடை பிழைத்துவிடும். போகிற வழியிலேயே குப்பத்தில் நிறுத்தி, ஜெசிந்தாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி டார்ச்சோடு நின்றிருந்தாள். தெரு முழுக்கத் தொட்டி, டயர், கொட்டாங்குச்சி என்று பார்த்துக்கொண்டு வருகிறாளாம். சகுந்தலா பெருமையோடுதான் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இரண்டு நீல டிரம்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு, மாவுக்கு ஆகாது. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் நெடி; அப்படியே ஊற்றினால் மாவு பொங்காது என்பது சகுந்தலாவின் கணக்கு. அதனால் பிடித்து வைத்து, வாசனை போகும்வரை திறந்தே விடுவாள். தீரத்தீர மேலே ஊற்றி நிரப்புவாளே தவிர, அடித்தண்ணீரைக் கொட்டியதே இல்லை. நல்ல தண்ணீரை யார் கொட்டுவார்கள்? டிரம்களின் மூடிகளும் வீணாகவில்லை. மாவு பேசின்களுக்கு அவை கச்சிதமாகப் பொருந்தின.

டார்ச் வெளிச்சம் உள்ளே விழுந்தது. கண்ணாடித் தண்ணீர்தான். அதில் முடித்துண்டு போலப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே போயின.

"இந்தக் கொசு சாக்கடையில வளராதும்மா. இந்த மாதிரி சுத்தமான தண்ணிதான் வேணும் அதுக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் டிரம்களைச் சாய்த்தாள். தண்ணீர் நால்வர் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது.

அந்த டிரம்கள் ஜெசிந்தாவுடையவை. சுனாமிக்கு அப்புறம் நிவாரணமாக வந்தவை. வியாபாரம் தொடங்கியபோது, என் பங்குக்கு இதுதான் இருக்கிறது என்று தலையில் சுமந்துகொண்டு வந்தாள்.

"மூடியோடதான குடுத்தேன்" என்றாள் ஜெசிந்தா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நனைந்த புடவைக் கரையைப் பிழியப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. அப்படியே ஈரத்தோடு நடந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை வெங்கடேசன்தான் மாவு கலக்கினான். லதா அரைத்துக் கொடுத்தாள். சகுந்தலா முக்காலியில் உட்கார்ந்து, அடியிலேர்ந்து வாரு, அழுத்தாதே என்று சொல்லச் சொல்ல, அவன் பயந்து பயந்து கையை விட்டான். திறந்து வைக்காமல் அப்படியே பிடித்து ஊற்றிய குழாய்த் தண்ணீர். ஊரெல்லாம் நோய் என்று பஞ்சாயத்தில் பிளீச்சிங்கை வேறு வாரிக் கொட்டியிருந்தார்கள். வெளியே மழை விடவில்லை. காலையில் மூடியைத் திறந்தால், மாவு போட்டது போட்டபடி கிடந்தது.

"என் கை ஜில்லுன்னு கீது போல" என்றான் வெங்கடேசன். அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. அவன் தொட்டுப் பார்த்த மாவுக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டான்.

சுஜாதாவிடம் அவனே போய்ச் சொன்னான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இப்படி ஆகலாம் என்று ஸ்டோரிலிருந்து மெட்ராஸ் கம்பெனி மாவு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாளாம். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறதாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். திட்டியிருந்தால் தேவலை என்று சகுந்தலா நினைத்தாள்.

அடுத்த வாரம் கிரைண்டரைச் சாக்குப் போட்டு மூடினார்கள். குப்பத்துக்குப் போய் ஜெசிந்தாவைப் பார்க்கவேண்டும் என்று தினமும் நினைத்தாள். கால்வலியைக் காரணம் சொல்லி ஒத்திப்போட்டாள்.

கடைசியில் ஜெசிந்தாதான் வந்தாள். காலை வேளை, புடவையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள். வாசலில் நின்றபடியே சகுந்தலாவிடம், கொஞ்சம் அறைக்குள்ளே வா என்றாள். அறைக்குள் போனதும் முந்தானையை விலக்கினாள். ஜாக்கெட் திறந்து கிடந்தது.

"கொக்கி போட முடியல. எங்க வூட்டுக்காரரு காசிமேட்ல போட்ல மீன் புடிக்கப் போயிகீறாரு. பொண்ணு இஸ்கூல் போய்ட்டா. ஆஸ்பத்திரிக்குப் போவணும். வேற யார்கிட்ட போய் கேப்பேன்?"

சகுந்தலா எதிரே வந்து நின்றாள். ஜெசிந்தா இரண்டு உள்ளங்கையாலும் துணியைச் சேர்த்துப் பிடிக்க, இவள் கட்டைவிரலின் ஓரத்தால் கொக்கியைத் தள்ளினாள். ஒன்று மாட்டியது. இன்னொன்று. இருவர் மூச்சும் முகத்தில் பட்டது. மூன்றாவதில் விரல் விண்ணென்று தெறித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசிக் கொக்கி எத்தனை தள்ளியும் ஏறவில்லை.

"வுடு. மேல புடவை கீதே" என்றாள் ஜெசிந்தா.

லதா காபி கொண்டுவந்து வைத்தாள். பின்கட்டில் கவிழ்த்துப் போட்ட டிரம்களின் மேல் மழை தட்டிக்கொண்டிருந்தது.

"மறுபடி ஆரம்பிச்சா வருவியா?" என்று சகுந்தலா தரையைப் பார்த்துக் கேட்டாள்.

ஜெசிந்தா கையை விரித்து, மெல்ல மூடப் பார்த்தாள். பாதிக்கு மேல் போகவில்லை.

"மொதல்ல இது மடங்கட்டும்."

ஆவி பறந்த காபியில் ஆடை படர்ந்தது. இருவருமே தம்ளரைத் தொடவில்லை.