யாரும் விடாத தவளைகள்

ரோகிணி வேலை முடிந்து வீடு வந்து சேரும் நேரமும் அவள் கணவன் அழகுபாண்டி வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றுதான். அவள் கோரிப்பாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸ். அவன் அலங்காநல்லூர் ரோட்டில் டிராக்டர் மெக்கானிக். கோச்சடை வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போது அவன் மாட்டிக்கொண்டிருப்பான். "மாவு இருக்கு, தோச ஊத்திக்க" என்பான். "சரிங்க, பாத்துப் போங்க" என்பாள். பேச்சு அவ்வளவுதான். பிறகு பகல் முழுக்கத் தூக்கம். கீரைக்காரியின் குரலும் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூட மணியும் கனவுக்குள் நுழைந்து கலந்துவிடும். எழுந்தபின்னும் எது நடந்தது, எது கனவு என்று அவளுக்குப் பிடிபடாது.

கொல்லைப்புறத்தில், செப்டிக் டேங்குக்காகத் தோண்டிய குழி ஒன்று சும்மா கிடந்தது. தோண்டியபிறகுதான் கொத்தனார் இடம் சரியில்லை என்றார். அதை மூட மனமில்லாமல் அழகுபாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கருப்புத் தார்ப்பாயை விரித்து, விளிம்பில் கல் அடுக்கி, அடியில் மண்ணும் மணலும் கொட்டி, போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டான். அன்றைக்கே கடையில் போய்த் தங்கமீன்கள் வாங்கிவந்து விட்டான்.

"எந்திரிச்சு வந்தா நீ பாக்க ஒண்ணு வேணும்ல. ஆளில்லாத வீட்லதான எந்திரிக்கிற" என்றான்.

அவள் அவற்றை நன்றாகப் பார்த்து முடிப்பதற்குள், ஒரு விடியலில் எல்லா மீன்களும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அவன் குனிந்து பார்த்தான், பைக்கை எடுத்துக்கொண்டு போனான். வார்டில் எத்தனையோ மரணங்களைப் பார்த்தவள்தான். ஆனாலும் அந்த ஆரஞ்சு உடல்களை முருங்கை மரத்தடியில் ஒவ்வொன்றாகத் தனித்தனியே புதைத்தாள். அதன்பின் இருவரும் குளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மழை பெய்து குழி தானாக நிரம்பியது. முருங்கை இலை விழுந்து மக்கியது.

ஐப்பசியில் ஒரு காலை, பஸ்ஸுக்கு வரும் வழியில் ஒருத்தி அலுமினியக் குண்டானில் உயிரோடு அயிரை மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அயிரைக் குழம்பு என்றால் அழகுபாண்டி இரண்டு சட்டி சோறு தின்பான். பாவம், முகம் வாடிக் கிடக்கிறானே என்று வாங்கினாள். கழுவுவதற்காகக் கொல்லையில் உட்கார்ந்தபோது ஒன்று வழுக்கித் துள்ளிக் குளத்தில் விழுந்தது. விழுந்த வேகத்தில் மணலுக்குள் முகத்தைச் செருகிக் காணாமல் போனது. அந்த இடத்தில் தண்ணீர் லேசாகக் கலங்கி, தெளிந்தது. அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. பாத்திரத்தை அப்படியே குளத்தில் சாய்த்துவிட்டாள். அன்று அவனுக்கு ரசமும் அப்பளமும்தான்.

அவனிடம் சொல்லவில்லை. சொல்லி, அவையும் செத்துப்போனால் அவன் முகத்தை மறுபடி யார் பார்ப்பது?

கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், தூக்கக் கலக்கத்தோடு கொல்லைக்கு வந்தவள் தண்ணீர்மேல் வட்டமாக ஓர் இலையைக் கண்டாள். அல்லி. கண்மாயில் பிடுங்கிக் கிழங்கோடு கொண்டுவந்து ஊன்றியிருக்கிறான், சொல்லாமல். அவளும் கேட்கவில்லை. பிறகு கரும்புள்ளிகளாய்த் தலைப்பிரட்டைகள் வந்தன. கல்லில் நத்தை ஒட்டியிருந்தது. சிவப்புத் தட்டான்கள் இலை நுனியில் வந்து உட்கார்ந்து இறக்கையைத் தாழ்த்திக்கொண்டன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, இதை எங்கே போய்ப் பிடித்தானோ என்று நினைத்துக்கொண்டு மறுபடி படுத்துக்கொள்வாள். தூக்கத்தில் அவன் வயல்வரப்பில், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு, தட்டானின் பின்னால் ஓடினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் லீவு. காப்பி டம்ளரோடு கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மண் நிறத்தில் ஒரு குருட்டுக்கொக்கு வந்து விளிம்புக் கல்லில் இறங்கியது. வெகுநேரம் ஆடாமல் அசையாமல் நின்றது. சட்டென்று கழுத்தை நீட்டியது. அலகில் ஏதோ நெளிந்தது.

"என்னது அது? மீனா? நம்ம கொளத்துல ஏது மீனு?" அழகுபாண்டி எழுந்தே விட்டான்.

"அயிரை" என்றாள் மெதுவாக. "ஒங்களுக்குக் கொழம்பு வைக்க வாங்குனேன். மனசு வரல. விட்டுட்டேன்."

"அடிப்பாவி! என்னைய ரசத்த ஊத்தித் திங்க வச்சுட்டு, அம்புட்டு அயிரையும் இங்கயா விட்ட?"

"நீங்க மட்டும் அல்லி வச்சதச் சொன்னீகளாக்கும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதுவும் அழுகிப்போச்சுன்னா நீ வருத்தப்படுவியேன்னுதான்..."

"எனக்கும் அதேதான்."

கொக்கு பறந்துபோனது. அவன் மறுபடி உட்கார்ந்தான்.

"அது சரி, இம்புட்டுத் தவளைய எங்க பிடிச்ச? பயமா இல்லையா?"

"நானா? நீங்கதான கொண்டாந்து விட்டீக?"

"நான் எதுக்குத் தவளையக் கொண்டாரப் போறேன்?"

"அப்ப நத்தை? தட்டான்?"

"தட்டான யாராச்சும் பிடிச்சாந்து விடுவாகளா, கூறுகெட்டவளே?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேலிக்குச் சொல்கிறாளோ என்று அவனும், மறைக்கிறானோ என்று அவளும் கொஞ்சநேரம் சந்தேகப்பட்டார்கள். பிறகு இருவருமே தண்ணீரைப் பார்த்தார்கள், முன்பின் தெரியாத விருந்தாளி வந்திருக்கும் கூடத்தை எட்டிப் பார்ப்பதுபோல. அல்லி இலைமேல் சுண்டுவிரல் நகமளவு தவளைக்குஞ்சு ஒன்று, வால் இன்னும் முழுதாக மறையாமல், தொண்டை துடிக்க உட்கார்ந்திருந்தது.

"எங்கிருந்து வந்துச்சோ" என்றான் அழகுபாண்டி. குரல் தானாகத் தணிந்திருந்தது.

"கேக்காதீக. இருக்கட்டும்."

மேகம் மூடிக்கொண்டது. அவளுக்குக் கண் சொருகியது. பகலானால் தூங்கிப் பழகிய உடம்பு. அவன் தோளில் தலை சாய்த்தாள். கனவில் அவன் தட்டானுக்குப் பின்னால் ஓடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தூறல் விழுந்து தண்ணீரில் வட்டங்கள் விரிந்தன. அவளை எழுப்பிவிடக் கூடாதென்று அழகுபாண்டி கால் மரத்துப்போயும் அசையாமல் நனைந்துகொண்டிருந்தான்.