சபாபதியின் கடைசி அத்தியாயம்

"உங்கப்பா எழுதுறதையெல்லாம் நீ படிச்சிருக்கியா பாப்பா?"

பத்திரிகை ஏஜெண்டு ரபேல் தனலெட்சுமியிடம் ஒருமுறை இப்படிக் கேட்டார். அவள் காப்பித் தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பாதான் பதில் சொன்னார். "அதுக்கு அவளுக்கு எங்க நேரம்? நாலாவதோட நின்ன புள்ள." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இப்போது அவள் அந்த நாற்காலியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஆற்றோரச் சுடுகாட்டுக்குப் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெண்கள் தலைமுழுகிவிட்டு வீடு கழுவினார்கள். பலகைத் தரையின் இடுக்குகளில் தண்ணீர் ஒழுகிக் கீழே மண்ணில் சொட்டியது.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பாரு. நெஞ்சழுத்தக்காரி" என்றாள் செல்லம் அத்தை, அவள் காதில் விழவேண்டும் என்றே.

அழுகை வராமல் இல்லை. வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் கோபம் வந்து நின்றுகொண்டது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, கணக்கெழுதுகிறவர். ஆள் பேர் பதிந்து முடிந்த செக்ரோல் நோட்டுகளை அடுப்பெரிக்க வீட்டுக்குக் கொண்டுவருவார். தனலெட்சுமி அவற்றை எரிக்காமல் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, வெற்றுப் பக்கங்களில் எழுதினாள். மறுபக்கத்துப் பேர்கள் தாளில் மங்கலாகத் தெரியும். பால்மரம் வெட்டும் அஞ்சலை அப்படித்தான் அவளுடைய கதைக்குள் வந்தாள்.

ஒரு நாள் அப்பா அந்த நோட்டுகளைப் பார்த்துவிட்டார். அடி விழும் என்று அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். பிறகு மேசையில் உட்கார்ந்து, தன் அச்சு மாதிரியான கையெழுத்தில் முதல் அத்தியாயத்தைப் படியெடுத்து ரபேலிடம் கொடுத்தார். அடுத்த மாதம் சிங்கப்பூர் வாரப் பத்திரிகையில் தொடர்கதை ஆரம்பமானது. தலைப்புக்குக் கீழே 'சபாபதி, பெக்கோக்' என்று அப்பாவின் பேரும் ஊரும் இருந்தன.

"பொம்பளப் புள்ள பேர அச்சுல போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாற்பது வாரம் வந்தது. சிகாமட்டிலும் குளுவாங்கிலும் வாசகசாலைக்காரர்கள் கூப்பிட்டு அப்பாவுக்கு மாலை போட்டார்கள். பொய்யில்லாமல் வெட்கப்பட்டுக்கொண்டே போட்டுக்கொண்டார். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவள் கெட்டவனாக எழுதியிருந்த கங்காணியை, தோட்டத்துக் கங்காணி வீரமுத்து கோபித்துக்கொள்வான் என்று, படியெடுக்கும்போது நல்லவனாக்கிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவள் அவருக்குச் சோறு போட்டபோது முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் படியெடுக்கையில் அவர் சில இடங்களில் வாய்விட்டுச் சிரிப்பார். அடுப்படியில் இருந்தபடி, எந்த வரிக்குச் சிரிக்கிறார் என்று அவள் சரியாகச் சொல்லிவிடுவாள். அவளைப் பாராட்டியது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதுவும் இனி இல்லை.

மூன்று நாள் மலேரியாக் காய்ச்சல். இன்று விடியற்காலை கண்ணைத் திறந்து, "எழுதிட்டியா?" என்றார். எழுதிவிட்டேன் என்று தலையாட்டினாள். "குடு" என்று கையை நீட்டினார். பேனா பிடிக்க முடியாமல் விரல்கள் நடுங்கின. சற்று நேரத்தில் அந்த நடுக்கமும் நின்றது.

வாசலில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ரபேல். பாடையோடு பாதிவழி போய்விட்டுத் திரும்பியிருந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார், தோளில் பத்திரிகைப் பை.

"ராஜம்மாக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. நாலு மணி மெயில்ல நான் ஏறணும். கிராணி கடைசி அத்தியாயம் முடிக்கப் போறதா போன வாரம் சொன்னாரு. மேசையில இருக்கான்னு பாருங்களேன்."

மூலையில் சுருண்டு கிடந்த அம்மா தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். கொடுத்துவிடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

தனலெட்சுமி உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து நீட்டினாள். ரபேல் பிரித்தார். கோணல் மாணலாகச் சாய்ந்து ஓடிய எழுத்தைப் பார்த்து அவர் துளிகூட ஆச்சரியப்படவில்லை.

"கையெழுத்து மாறியிருக்கேன்னு பத்திரிகை ஆசிரியர் கேட்டா, காய்ச்சல்ல எழுதினாருன்னு சொல்லிக்கிறேன்."

"உங்களுக்குத் தெரியுமா?" அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்தது.

"தெரியாம என்ன? தூறல்ல பால்வாளியில தண்ணி கலந்து கூலி போயிட்டா பொம்பளைக்கு வயிறு எப்படிப் பதறும்னு கிராணிக்கு எப்படித் தெரியும்? அஞ்சாவது வாரமே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா..."

"ஏஜெண்டு நான் சொல்றேன், கேளு பாப்பா. ஒரு பேர நாலு பேரு வாயில வர வைக்கிறது லேசில்ல. ஸ்டேசன் ஸ்டேசனா நான் கத்தியிருக்கேன். 'மறைந்த சபாபதியின் கடைசி அத்தியாயம்'னு போட்டா இதழ் பறக்கும். அப்புறம் நீ பாட்டுக்கு எழுது. கிராணி பெட்டியில இருந்துச்சுன்னு சொல்லி நான் கொடுத்துக்கிட்டே இருக்கேன். பத்து வருசம் ஓட்டலாம். புதுப் பேருக்கு, அதுவும் தோட்டத்துப் பொண்ணுக்கு, எவன் பக்கம் ஒதுக்குவான்?"

சாம்பல்கூட இன்னும் ஆறவில்லை. அதற்குள் அப்பாவுக்குப் பத்து வருசத்து வேலை வந்துவிட்டது. அந்த வேலையைச் செய்யப்போவது அவள். இன்னும் நூறு கங்காணிகளை நல்லவர்களாக்கச் சொல்லுவார்கள்.

"எங்கப்பா செத்துட்டாரு அண்ணே" என்றாள்.

"அதத்தான பாப்பா நானும்..."

"செத்தவரு எழுத மாட்டாரு."

மேசையிலிருந்து பென்சிலை எடுத்தாள். ரபேலின் கையிலிருந்த நோட்டை வாங்கி, முதல் பக்கத்தின் உச்சியில் அழுத்தி எழுதினாள். ச. தனலெட்சுமி. முன்னால் அப்பா பேரின் முதல் எழுத்து, பின்னால் அவள் பேர்.

அம்மா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. அந்த மனுசனுக்கு மிச்சம் இருக்கிறது அந்தப் பேருதான். மாலை போட்டவங்கல்லாம் நாளைக்குக் காறித் துப்புவாங்க. செத்த அன்னைக்கே அப்பன திருடன்னு சொல்லப் போறியா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? அவரு பேரும் இருக்கு, பாரு."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் விரல் வைத்துக் காட்டிய அந்த ஓர் எழுத்தை வெகுநேரம் பார்த்தாள். பிடி தளர்ந்ததே ஒழிய, கையை எடுக்கவில்லை.

"அலமாக்! ஐயய்யோ!" ரபேல் தொப்பியால் தொடையில் தட்டினார். "நாற்பது வாரம் ஆம்பள, நாற்பத்தொண்ணாவது வாரம் பொம்பளயா? என்னை ஆபீசுக்குள்ள விடுவானா? இந்தப் பேரோட இத நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். பேர அழிச்சுக் குடு. இல்லன்னா கத அஞ்சலையோட பாதியிலேயே கெடக்கட்டும். நான் ஸ்டேசனுக்குப் போய்ச் சேரணும்."

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பேருக்குக் கீழே, சிங்கப்பூர் விலாசம் வாரா வாரம் வரும். அது அவளுக்கு மனப்பாடம். இத்தனை நாளும் அதை எழுதிப் பார்த்ததுகூட இல்லை. இப்போது அதை எழுதி, நாலு மணி மெயிலின் தபாலில் நோட்டைத் தானே சேர்த்துவிடலாம்.

அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"தீட்டு வீட்டுல இருந்துகிட்டு எங்கடி போற?" செல்லம் அத்தை வாசலை மறித்தாள். தனலெட்சுமி நின்று அவளைப் பார்த்தாள். அத்தை தானாக நகர்ந்துகொண்டாள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் செம்மண் பாதையில், சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கொள்ளி வைத்த காளியப்பன் சித்தப்பா மொட்டைத் தலையோடும் ஈர வேட்டியோடும் முன்னால் வந்தார். பின்னால் கங்காணி வீரமுத்து. ஆம்பளைகள் எதிரில் வந்தால் மரத்தின் பின்னால் மறைந்துகொள்ளும் பிள்ளை பாதையின் நடுவில் வருவதைக் கண்டு எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"தனம், என்னம்மா? வீட்டுல என்ன?" என்றார் சித்தப்பா.

தலைமுழுகிய கூந்தலிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நோட்டு நனையாமலிருக்க அதை இரண்டு கைகளாலும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். அவர்கள் ஒவ்வொருவராகப் பாதையை விட்டுப் புல்லில் இறங்கினார்கள். அவள் நிற்காமல் அவர்களைக் கடந்து போனாள்.