நான்காவது பிணம்

சேரப்பணஞ்சேரியில் மூடிக் கிடந்த அரிசி மில்லுக்குள் அன்று காலை பத்தரை மணிக்குக் கோவிந்தம்மா கொலையானாள். வெட்டியவன் கன்னியப்பன். மறைமலை நகரில் வெல்டிங் வேலை, ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு நடிக்க வந்தவன். கொலைகாரனுக்கு முகமூடி வாங்க வக்கில்லாமல், அவனுடைய வெல்டிங் மூடியையே மாட்டிவிட்டிருந்தார்கள். ரத்தம் என்பது வெல்லப்பாகில் கரைத்த குங்குமம். ஈ மொய்த்துத் தள்ளியது.

“பிணம் ஈ ஓட்டுமாம்மா?” என்று எரிந்து விழுந்தார் டைரக்டர் ரகுபதி. “நான் கட் சொல்ற வரைக்கும் கண்ணத் தெறக்காதே. கையில கீறது கடைசி பிலிம் சுருள்.”

ஏழு பெண்களை ஒருவன் வரிசையாக வெட்டிச் சாய்க்கும் படம். மெட்ராஸிலிருந்து வந்த நடிகைகளில் மூன்று பேரோடு கொலை நின்றுபோனது. மீதிப் பேர் மில்லைப் பார்த்ததுமே பஸ் ஏறிவிட்டார்கள். அதனால் யூனிட்டுக்குச் சோறாக்க வந்த உள்ளூர்க் கோவிந்தம்மா நான்காவது பிணமானாள்.

அவள் பிறந்தது பக்கத்தில் வல்லம். எட்டு வருஷத்துக்கு முன்னால், மாதா கோயிலுக்குப் போகிற தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் அப்பாவு, தங்கையைத் தலைமுழுகிவிட்டேன் என்று சொன்னதோடு நிற்காமல், ஏரியில் இறங்கி நிஜமாகவே முழுகிவிட்டு வந்த மனுஷன். வளைகாப்புக்கு வரவில்லை. பொங்கலுக்கு ஒரு மஞ்சள் கொத்து அனுப்பவில்லை. சைக்கிளை மிதித்தால் ஒரு மணி நேரத் தூரம். பிறந்த வீட்டு ஆள் ஒருத்தர் தன் வாசல்படி ஏறிவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று கிடந்தாள் அவள்.

உதவி டைரக்டர் நடேசன் முந்தின நாள் செய்த காரியம் அவளுக்குத் தெரியாது. செத்தவளின் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் முன்னால் கொலைகாரன் நின்று சிரிப்பதாக ஒரு காட்சி. அச்சகத்தில் பெயர் கேட்டார்கள். சாகப்போகிறவளுக்குப் பெயர் எதற்கு என்று கதையில் வைக்கவே இல்லை. நடேசன் கூசாமல் அவள் பெயரையும் ஊரையும் கொடுத்து, படத்தையும் போட்டு, ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒட்டினான். பத்து நிமிஷத்தில் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தனும் அதைக் கிழிக்கவில்லை. செத்தவர் போஸ்டரில் கைவைக்க இந்தப் பக்கத்தில் எவனுக்குத் துணிச்சல் வரும்? மழை வந்துதான் கிழிக்க வேண்டும்.

கேமரா ஓடியது. கன்னியப்பன் அரிவாளை இரண்டாம் முறை ஓங்கினான். அப்போதுதான் வாசலில் ஓர் அலறல் கேட்டது.

“அடப்பாவி! எந்தங்கச்சிய வெட்டிப் போட்டுக்கினு கீறியே!”

அப்பாவு பாய்ந்து வந்து கன்னியப்பனின் கழுத்தைப் பிடித்தார். அவன் அரிவாளைப் போட்டுவிட்டு மூடியோடு ஓடினான். போஸ்டரைப் பார்த்துப் பதறி, அவள் வீடு பூட்டிக் கிடப்பதைத் தெருவில் நின்று பார்த்து, மில்லில் இருக்கிறாள் என்று அக்கம்பக்கம் சொன்னதைப் பிணம் அங்கே கிடப்பதாக எடுத்துக்கொண்டு வந்தவர், அவள்மேல் விழுந்தார். கூடவே அண்ணி சாரதா தலைதலையாய் அடித்துக்கொண்டாள்.

அந்தப் படுபாவி ரகுபதி கட் சொல்லவில்லை. ஓட்டு, ஓட்டு என்று கேமராக்காரனுக்குச் சைகை காட்டினார்.

எட்டு வருஷம் கழித்து அண்ணனின் கை கோவிந்தம்மாவின் கன்னத்தில் இருந்தது. கண்ணைத் திறந்தால் எழுந்து போய்விடுவார். செத்துக் கிடக்கிற வரைக்கும்தான் அவர் அவளுக்கு அண்ணன். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

“ஒம் புள்ளைங்க மொகத்தக்கூட நான் பாக்கலியே, கோவிந்து! அந்தச் சாவு என்னிய வாரிக்கினு போவக் கூடாதா?”

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

“அண்ணா.”

அப்பாவு வீலென்று கத்திக்கொண்டு பின்னால் விழுந்தார். சாரதாவின் அழுகை பாதியில் அறுந்தது.

“சினிமாண்ணா... சும்மா சினிமா,” என்று நடேசன் உளறினான்.

அப்பாவு தங்கையைப் பார்த்தார். கையில் ஒட்டிய பாகைப் பார்த்தார். பயம் போய் அவர் முகத்தில் அவமானம் ஏறியது. எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். சாரதாவும் கீழே விழுந்திருந்த பையை எடுத்துக்கொண்டாள். பையிலிருந்து பச்சைப் புடவை ஒன்று எட்டிப் பார்த்தது.

கோவிந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி. பிணத்தின்மேல் போர்த்த அண்ணன் எடுத்துவரும் புடவை. பாய்ந்து போய் அதை உருவினாள்.

“ஐயையோ, அது கோடிடி! உசுரோட கீறவ தொடக் கூடாது!” என்று அலறினாள் சாரதா.

“எனக்குன்னுதானே எடுத்தீங்கோ? எட்டு வருசத்துல எம் பொறந்த வூட்லேர்ந்து வந்த மொத சீலை இது.” மடிப்பைப் பிரித்து, வழியும் ரத்தத்தோடு தோளில் போட்டு இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

டைரக்டர்கூட இரண்டடி பின்வாங்கினார். வாசல்வரை போயிருந்த அப்பாவு திரும்பி ஓடி வந்தார்.

“கழட்டுடி அத! சாவுச் சீலைடி!” முந்தானையைப் பிடித்து இழுத்தார். “வேற எடுத்தாந்து தரேன், கழட்டு!”

“எங்க எடுத்தாருவே?”

“ஒன் வூட்டுக்குத்தான்டி, வேற எங்க!”

“எடுத்துக்கினு வா, அப்பறம் கழட்டறேன்,” என்றாள் கோவிந்தம்மா.