பதினோராவது கதிரை

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்குக் கொண்டாட்டம் கூடாது. ஹேசலின் கணவன் பீலிக்ஸ் கண்மூடி ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் கிறிஸ்து பிறந்த நத்தார் நாளில் இந்த வருடமும் விருந்தும் விளையாட்டும் உண்டு என்று ஹேசல் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அக்கம்பக்கம் முகத்தைச் சுளித்தது. சுளித்துக்கொண்டே வரவும் சம்மதித்தது. கேக் யாருக்குத்தான் கசக்கும்?

கொண்டாட ஆசைப்பட்டு அவள் இதைச் செய்யவில்லை. வத்தளையில் வங்கியொன்றில் வேலை செய்யும் மகள் டெனீஸ், டிசம்பர் தொடக்கத்தில் வந்து இறங்கியதும் இறங்காததுமாகப் பேச்சை எடுத்தாள்.

"மம்மி, வாவிக்கரையில இந்தப் பெரிய வீட்டில நீங்க தனிய இரிக்கேலாது. அடுப்ப நிப்பாட்ட மறக்குறீங்க. ஜனவரியில என்னோட வாங்க, வீட்ட வித்துப்போடுவம்."

ஹேசலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் பால் பொங்கி அடிப்பிடித்ததற்கு நாற்பத்திரண்டு வருடம் வாழ்ந்த வீட்டை விற்பதா?

"நத்தார் விருந்த நான் தனிய நடத்திக் காட்டுறன். ஒரு பிழை வந்தாலும் மறுகா பேச்சில்ல, உன்னோட வாறன். பிழை வராட்டி நீ வாயத் திறக்கப்படாது."

"சரி," என்றாள் டெனீஸ்.

அன்றிலிருந்து மகள் பரீட்சை மேற்பார்வையாளர் போலப் பின்னாலேயே திரிந்தாள். புறூடர் கேக் பதமாக வெந்ததா, பார்சல் விளையாட்டுக்குச் சுற்றிய ஒவ்வொரு தாளுக்குள்ளும் ஒரு இனிப்பு இருக்கிறதா, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். ஹேசலும் விட்டுக்கொடுக்கவில்லை. நூலில் கட்டித் தொங்கவிடப் பணிஸ், கரண்டி ஓட்டத்துக்குத் தேசிக்காய், சுவரில் கண்ணில்லாத யானைப் படம், எல்லாம் நேரத்துக்குத் தயார்.

நத்தார் அன்று பின்னேரம் மழை ஊற்றியது. வெளியே வைக்க இருந்ததெல்லாம் ஹோலுக்குள் வந்தது. பீலிக்ஸின் தச்சுப் பட்டறைக் கூட்டாளி மர்சூக் மனைவி முப்லிஹாவோடு வந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு யானையின் வாலில் கண்ணை ஒட்டினார். பக்கத்து வீட்டு அஜந்தாவின் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பணிசைக் கடிக்கத் துள்ளினார்கள். வீடு சிரித்தது. ஹேசல் மட்டும் ஒவ்வொரு சிரிப்புக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுகளை அடுக்கினாள். அழுதால் தோற்றுவிடுவாள் என்பதால் அழவில்லை. பிழை ஒன்றும் இதுவரை இல்லை. இன்னும் ஒரே ஒரு விளையாட்டு.

சங்கீதக் கதிரை: பாட்டு நின்றதும் உட்கார இடமில்லாதவர் அவுட். விளையாடுபவர்களை விரல் மடித்து எண்ணி, அதில் ஒன்றைக் குறைத்து, முதுகோடு முதுகாகக் கதிரைகளை அடுக்கினாள். டெனீஸ் ஆட்களைக் கண்ணால் எண்ணிவிட்டு, ஒவ்வொரு கதிரையையும் தட்டித் தட்டி எண்ணினாள்.

"சரி, மம்மி," என்றுவிட்டுத் தானும் விளையாட வந்து நின்றாள்.

ஹேசலின் தம்பி மெல்றோய் போனில் பைலாப் பாட்டைப் போட்டான். எல்லோரும் சுற்றினார்கள். சட்டென்று நிறுத்தினான். இடித்து விழுந்து, கூச்சலோடு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

எல்லோரும்தான். நின்றவர் ஒருவரும் இல்லை.

"அன்ரி, ஒருத்தரும் அவுட் இல்லையே," என்றாள் அஜந்தாவின் சின்ன மகள்.

மெல்றோய் எண்ணினான். "பதினொரு பேர், பதினொரு கதிரை. ஒண்டு கூடிப்போச்சு அக்கா."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். இந்த வீட்டில் முதல் சுற்றில் வெளியே போவது எப்போதும் பீலிக்ஸ்தான். முதலில் தோற்கும் பிள்ளை அழும் என்பதற்காக, பாட்டு நிற்கும் நேரம் பார்த்துச் செருப்பைத் தேடுவார், இருமுவார், கதிரையைத் தவறவிடுவார். பிறகு தலையில் கைவைத்துப் பெரிதாகப் புலம்புவார். ஹேசல் விரல் மடித்தபோது முதல் விரல் அவருக்குத்தான் மடங்கியிருந்தது. பிறகுதான் மற்றப் பதினொரு பேரும்.

மர்சூக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். ஹேசல் தோற்றுப்போனாள். வீடு போய்விட்டது. அவள் மகளைப் பார்க்கப் பயந்து பயந்து திரும்பினாள்.

டெனீஸ் கதிரையில் இல்லை.

ஹேசல் தேடிப் போனபோது, அடுப்படிக் குசினியில் அலுமாரியோடு சாய்ந்து நின்றிருந்தாள். தகப்பனின் செத்த வீட்டில் பெட்டிக்கும் பூவுக்கும் சாப்பாட்டுக்கும் ஓடித் திரிந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை, இப்போது கைதுடைக்கும் துவாயை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"நானும் எண்ணினன் மம்மி," என்றாள். "ஆக்கள எண்ணிப் பாத்துத்தான் சரியெண்டு சொன்னன். டாடியையும் சேத்துத்தான் எண்ணியிரிக்கன்."

ஹேசல் துவாயை மெல்ல இழுத்து எடுத்தாள். வத்தளையில் இரண்டாம் மாடியில், வேலை முடிந்து வந்து விளக்கைத் தானே போட்டுக்கொள்ளும் இந்தப் பிள்ளையை ஒன்பது மாதமாக அவள் நினைத்தே பார்க்கவில்லை. தன் துக்கம்தான் பெரிதென்று இருந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது.

"ஜனவரி பிறந்ததும் வாறன் மகள்," என்றாள்.

டெனீஸ் இல்லை என்று தலையை ஆட்டினாள். "தேவையில்ல. நீங்க தோக்கல்ல மம்மி. நான் பாத்துச் சரியெண்டு சொன்ன கணக்குத்தானே."

"ஓம்," என்றாள் ஹேசல். "நீயும் டாடிய எண்ணினாய்தானே, அதுக்குத்தான் வாறன்."