நானூற்றுப் பதிமூன்றாவது ஆட்டம்

மனித முயற்சியின் சிகரங்களில் சில, காலத்தாலும் எட்ட முடியாதவை. ஆர்ட்கெல்லி அத்லெடிக் கால்பந்துச் சங்கத்துக்காக வால்டர் ஆக்டர்லோனி ஆடிய நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள் அவற்றில் ஒன்று. இதை நான் சொல்லவில்லை. எங்கள் மைதானத்து வெண்கலத் தகட்டில் பொறித்திருக்கிறது. வாசகத்தை எழுதியவர் வால்டரின் மகன் ஹெக்டர். தகடு மாட்டியிருப்பது ஆண்கள் கழிப்பறைக்குத் திரும்பும் மூலையில். இடைவேளையில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு நின்று படிக்க நேரமிருக்காது. திரும்பி வரும்போது சிலர் அதில் ஈரக்கையைத் துடைத்துக்கொள்வதுண்டு.

வால்டர் தடுப்பாட்டக்காரர். நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களில் எதிரணி வலைக்குள் அவர் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. எங்கள் வலைக்குள் மூன்று அடித்திருக்கிறார். அதையெல்லாம் தகட்டில் போட இடம் போதாது. ஹெக்டர் கம்பளக் கடை வைத்துப் பெரிய ஆளாகி, சங்கத்தின் சேர்மனும் ஆன பிறகு, எங்களிடமிருந்த ஒரே கூரை போட்ட ஸ்டாண்டுக்கு அப்பா பெயர் வைத்தார். கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். அந்த இரண்டு இடத்துக்கும் பெயர் இல்லை.

இந்தச் சிகரத்தை நோக்கித்தான் லோர்ன் பெட்ரி என்ற வலது விங்கர் பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தார், அப்படியொன்று இருப்பதே தெரியாமல். இருபத்திரண்டு வயதில் கிளாஸ்கோவின் பெரிய சங்கம் ஒன்று அவரை அழைத்து, இரண்டு மாதம் வைத்துப் பார்த்து, ஒரு பயிற்சிச் சட்டையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியது. அதன் பிறகு எங்களோடுதான். வாரநாளில் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பார். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடல்காற்றை எதிர்த்து, மேடு ஏறும் எங்கள் மைதானத்தின் வலது ஓரத்தில் ஓடுவார். பதினைந்தாவது வருடம் மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்தபோது யாரோ பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு. ஆகஸ்டில் முதல் ஆட்டம் ஆடினால் சாதனை அவருடையது.

ஜூனில் கடிதம் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பெட்ரி கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பளக் கடைக்குப் போனார். நான் அன்று படிக்கட்டு விரிப்புக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். அதனால் இது கேள்விப்பட்டதல்ல.

"சேர்மன், 'சங்கம் ஒரு புதிய பயணத்தைத் தொடங்குகிறது'ன்னு எழுதியிருக்கீங்க. எங்க போறோம்?"

"அது ஒரு தொலைநோக்கு, லோர்ன்."

"நாலாவது டிவிஷன்ல பத்து டீம். நாம எட்டாவது. உங்க தொலைநோக்குல என்ன தெரியுது, ஒன்பதாவதா?"

"உனக்கு முப்பத்தேழு வயசாச்சு. கால் ஓய்வு கேக்கும்பா."

"என் கால் உங்ககிட்ட எப்ப வந்து கேட்டுச்சு?"

ஹெக்டர் ஒரு கம்பளச் சுருளைத் தட்டிக்கொடுத்தார். "எங்க அப்பா சாதனைக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

"நான் அதப் பத்தி வாயே தெறக்கலையே," என்றார் பெட்ரி. வாசல்வரை போனவர் திரும்பினார். "இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க. நானூத்திப் பதிமூணு ஆடாம இந்த ஊரவிட்டுப் போகமாட்டேன்."

"நீ எந்த ஊருக்கும் போகப் போறதில்லையே. உன் வேன் இன்ஷூரன்ஸ் இங்கதான இருக்கு," என்றார் ஹெக்டர். அதுவும் உண்மைதான்.

அக்டோபரில் அணியின் இரண்டு விங்கர்களுக்குத் தொடைச் சதை கிழிந்தது. மூன்றாமவன் அக்கா கல்யாணத்துக்கென்று ஸ்பெயின் போனவன் அங்கேயே கணுக்காலை உடைத்துக்கொண்டான். நடனமாடும்போது என்று சொன்னார்கள், நாங்கள் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. மேனேஜர் டேவி கிளென்னிக்கு வலது ஓரத்தில் நிறுத்த ஆள் இல்லை. சேர்மனிடம் போய் நின்றார். சேர்மன் யோசித்து ஒரு வழி சொன்னார். எங்கள் லீகில் ஒரு வசதி உண்டு: பதிவு செய்யாத ஆளை மூன்று ஆட்டம் வரை இறக்கிப் பார்க்கலாம். பட்டியலில் அவருக்குப் பெயர் கிடையாது, 'சோதனை ஆட்டக்காரர்' என்று மட்டும்தான் போடுவார்கள். சங்கப் பதிவேட்டில் அந்த ஆட்டங்கள் ஏறாது.

"அதாவது, பதினஞ்சு வருஷம் ஆடினவன நான் சோதிச்சுப் பாக்கணும்," என்றார் டேவி.

"விதி அப்படி," என்றார் ஹெக்டர், விதியைத் தானே எழுதியதுபோல.

டேவி போன் செய்தபோது பெட்ரி யாருடைய சமையலறையிலோ குப்புறப் படுத்திருந்தார். "ஆடறேன். எப்படி வேணா கூப்பிடட்டும். ஆடறது யாருன்னு ஊருக்குத் தெரியும்ல?"

ஊருக்குத் தெரிந்திருந்தது. மைக்கில் அறிவிப்பவர் நெட்டா கெய்ர்ட், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, எழுபத்து மூன்று வயது. கொடுத்த தாளில் இருப்பதைத் தவிர ஒரு சொல் கூடுதலாகச் சொல்லமாட்டார். "ஏழாம் எண்," என்றார். ஒரு நிமிடம் போல நிறுத்தினார். "சோதனை ஆட்டக்காரர்."

கையில் கறி வைத்துச் சுட்ட சூடான பிரைடி ரொட்டியோடு நின்ற இருநூற்றெண்பது பேரும் சிரித்தோம்.

"யாருடா அது? எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கே!"

"புதுப் பையன். ரொம்ப நம்பிக்கை தர்றான்."

"எங்கருந்து புடிச்சாங்க?"

"எங்க வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னாடியிருந்து!"

புதுப் பையன் முதல் ஆட்டத்தில் ஒரு கோல் போட்டார். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மூலையிலிருந்து அவர் அடித்த பந்தைத் தலையால் முட்டி இன்னொருவன் கோல் போட்டான். எங்கள் ஊர்ப் பத்திரிகையில் 'சோதனை ஆட்டக்காரர் (2)' என்று அச்சானதைக் கத்தரித்து மீன்கடைக்காரர் கண்ணாடியில் ஒட்டினார். மூன்று ஆட்டமும் முடிந்தன. இனி ஒன்று ஒப்பந்தம், இல்லையென்றால் வாசல். சங்கம் இளைஞர்கள் பக்கம் நிற்கிறது என்று ஹெக்டர் அறிக்கை விட்டார்.

பெட்ரி உடைமாற்றும் அறையில் பூட்ஸை எடுத்துப் பையில் போட்டார். "சரி டேவி. கின்ப்ரேலயும் ஒரு சோதனை ஆட்டக்காரன் தேவையாம்."

டேவி பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டார். கின்ப்ரே எங்களுக்கு ஒன்பது மைல் தள்ளி இருக்கிற ஊர். எங்களில் அங்கே பெண் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதைச் சத்தமாகச் சொல்லிக்கொள்வதில்லை. "அடுத்த சனிக்கிழமை நமக்கு அவங்களோடதான் ஆட்டம், மகனே."

"தெரியும். மூணு சங்கத்துக்கு மூணு மூணு ஆட்டம்னாலும் ஆடுவேன். விதி அப்படி."

அந்தச் சனிக்கிழமை கின்ப்ரேயின் மஞ்சள் சட்டையில், எங்கள் சொந்த மைதானத்தில், தனக்கு மட்டுமே தெரிந்த அந்த மேட்டு ஓரத்தில் பெட்ரி ஓடினார். எங்கள் இடது தடுப்பாட்டக்காரன் இரண்டு முறை வழுக்கி விழுந்தான். மூன்றாவது முறை விழவில்லை. பெட்ரி அதற்குள் அவனைத் தாண்டிப் போய்க் கோல் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. எதிரி போட்ட கோலுக்கு ஆர்ட்கெல்லிக்காரன் கைதட்டியது அதுவே முதல் தடவை. முதலில் தட்டியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் இல்லை. நான் மூன்றாவது.

திங்கட்கிழமை ஹெக்டர் ஒப்பந்தத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டு பெட்ரியின் வீட்டுக்குப் போனார். சேர்மன் இறங்கி வந்துவிட்டார் என்று ஊர் கொண்டாடியது. ஊர் அவசரப்பட்டுவிட்டது. ஒப்பந்தத்தில் இருக்கிற ஆள் வேறு சங்கத்துக்கு ஆட முடியாது. பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருக்காத மாற்று ஆட்டக்காரருக்குப் பதிவேட்டில் கணக்கும் இல்லை. சீசன் முடியும்வரை பெட்ரியைப் பெஞ்சில் வைத்திருக்கும்படி டேவியிடம் சொல்லப்பட்டது. கோடையில் டேவியின் வேலையும் புதுப்பித்தலுக்கு வருகிறது என்பதும் போகிறபோக்கில் சொல்லப்பட்டது.

"உன்ன அங்க ஆணி அடிச்சு வைக்கப் போறாரு. புரியுதா?" என்றார் டேவி.

"கையெழுத்துப் போடறப்பவே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா போட்ட?"

"விங்கர்னா யாரு டேவி? கோட்டோரமா நின்னுக்கிட்டு, எவனாவது பந்து குடுப்பானான்னு பாத்துக்கிட்டே இருக்கறவன். பதினஞ்சு வருஷமா அதான் என் தொழில். பெஞ்சும் அதே கோட்டோரத்துலதான கிடக்கு? அவருக்கு முன்னாடி நான் களைச்சுப் போவேன்னு நினைக்கறாரா? உக்காந்திருக்கறது அவரு. ஓடப்போறது நான்."

பெட்ரி உட்காரவே இல்லை. ஆட்டம் தொடங்கும் விசிலிலிருந்து முடியும் விசில்வரை உடலைச் சூடேற்றிக்கொள்கிறேன் என்று கோட்டோரத்தில் மேலும் கீழும் ஓடினார், சரியாகச் சேர்மன் அமரும் இடத்துக்குக் கீழே. நவம்பர் மழையில் ஓடினார். ஜனவரிப் பனியில், எதிரணி மாற்றாட்டக்காரர்கள் போர்வைக்குள் சுருண்டிருக்க, அரைக்கால் சட்டையோடு ஓடினார். ஒவ்வொரு தடவை அவர் எங்களைக் கடக்கும்போதும் நாங்கள் ஒரே குரலில் கத்துவோம்: "நானூத்திப் பன்னெண்டு!" ஹெக்டர் முழங்காலில் கம்பளி போர்த்திக்கொண்டு எதுவும் கேட்காதவர்போல உட்கார்ந்திருப்பார். அந்த மனிதனை நிறுத்து என்று டேவிக்கு ஆள் அனுப்பினார். சூடேற்றிக்கொள்ள விதி அனுமதிக்கிறது என்று டேவி பதில் அனுப்பினார். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் அணியிலேயே அதிகம் ஓடியவர், ஒரு நிமிடம்கூட ஆடாத பெட்ரிதான்.

இப்படியே மே மாதம் வந்தது. கடைசி ஆட்டம், சொந்த மைதானம். நாங்கள் ஒன்பதாவது இடத்தில் இருந்தோம். வென்றாலும் தோற்றாலும் அங்கேதான் இருப்போம். எண்பதாவது நிமிடத்துக்குள் டேவி நான்கு பேரை மாற்றிவிட்டார். இன்னும் ஒருவரை மாற்றலாம். பெஞ்சில் மிச்சம் இருந்தது மாற்று கோல்கீப்பரும் பெட்ரியும். தொண்ணூறாவது நிமிடம் எங்கள் வலது விங்கர் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் விழுந்தான். இரண்டு பேர் தோள்கொடுத்து வெளியே கொண்டு வந்தார்கள்.

டேவி மேலே பார்த்தார். ஹெக்டர் மறுத்துத் தலையை ஆட்டினார். பிறகு புரியாமல் போய்விடக் கூடாதென்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்துப் பேரோடு முடித்துவிடு. மைதானமே அதைப் பார்த்தது. பெட்ரி மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டின்மேல் நின்றார். டேவி ஒரு அடி முன்னால் வைத்தார், பின்னால் எடுத்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஆர்ட்கெல்லி அத்லெடிக், மாற்றம்," என்றார் நெட்டா. கையில் தாள் இல்லை, யாரும் கொடுக்கவில்லை. "பதினாறாம் எண். லோர்ன் பெட்ரி."

அறிவிப்பு அறை சேர்மன் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஹெக்டர் எழுந்து ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினார். மைக் அணைக்கப்படவில்லை. அதனால் முந்நூறு பேரும் கேட்டோம்.

"நெட்டா, யாரு சொன்னது? யாரு உங்களுக்கு அனுமதி குடுத்தது?"

"உக்காரு, ஹெக்டர்."

மூன்றாம் வகுப்பில் ஹெக்டர் நெட்டாவிடம் படித்தவர். உட்கார்ந்தார்.

"அறிவிச்சாச்சு," என்றார் டேவி, எண் பலகையோடு நின்ற அதிகாரியிடமும் தனக்குத் தானேயும். "அறிவிச்சத மாத்த முடியாதுல்ல?" மாற்ற முடியும். ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. எண் பலகை உயர்ந்தது. பெட்ரி கோட்டைத் தாண்டி உள்ளே போனார்.

நான் பார்த்த மிகப் பெரிய சத்தம் அது. பார்த்த என்றுதான் சொல்ல வேண்டும், பிரைடிகள் பறந்தன. பக்கத்தில் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நானூத்திப் பதிமூணு!" என்று வால்டர் ஆக்டர்லோனி ஸ்டாண்டே கத்தியது. ஹெக்டரின் மனைவியும் கத்தினார் என்கிறார்கள். அந்தத் திசையில் நான் பார்க்கவில்லை.

தொண்ணூற்று மூன்றாவது நிமிடம் பந்து வலது ஓரத்தில் வெளியே போனது. எங்களுக்குத் த்ரோ. எறிய வேறொருவன் ஓடி வந்தான். பெட்ரி அவனைக் கையால் விலக்கினார். பந்தை எடுத்தார். சட்டையில் துடைத்தார். நிமிர்ந்து சேர்மனை நேராகப் பார்த்தார். அவசரப்படவில்லை. அந்த ஒரு பார்வைக்காக அவர் ஐந்தரை மாதம் மழையில் ஓடியிருந்தார், நாங்களும் அதே மழையில் நின்றிருந்தோம். பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார், எறிந்தார்.

ரெஃப்ரி விசில் ஊதினார். எறியும்போது பெட்ரியின் வலது கால் தரையில் இல்லை, இரண்டு காலும் இருக்க வேண்டும், விதி அப்படி. தப்பு த்ரோ என்று பந்தை எதிரணிக்குக் கொடுத்தார், அவர்கள் எறிந்ததும் ஆட்டத்தை முடித்தார்.