கிரெடிட்டில் வளர்ந்த முடி

சாமிநாதனுக்குப் பஸ் ஓட்டத் தெரியும். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கத் தெரியும். கைப்பேசி மட்டும் ஆகவே ஆகாது. அப்படிப்பட்ட மனுஷன் மூன்று வருஷமாகத் தினமும் காலையில், தன் ஊரான பாயா ரும்புட்டில் பள்ளி பஸ்ஸைக் கிளப்புவதற்கு முன்னால், விமானக் கம்பெனி அனுப்பிய அந்த ஒரு மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பார். கிரெடிட் இருக்கிறதா என்று. இருக்கும். எங்கே ஓடிவிடப் போகிறது? ஆனாலும் பார்த்தால்தான் அவருக்குக் கியர் விழும்.

தங்கை மோகனாவின் மகள் தேவிஸ்ரீக்கு முடி இறக்கப் போட்ட பயணத்தின் காசு அது. ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை. பிழைத்து வந்தால் முதல் முடி துறையூர்ப் பக்கத்துக் குலதெய்வத்துக்கு என்று மோகனா வேண்டிக்கொண்டாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டும். அவளுக்குச் சாமிநாதனை விட்டால் கூடப்பிறந்தவர் கிடையாது. கல்யாணம் கட்டாத சாமிநாதனுக்கும் மடியில் உட்கார வேறு பிள்ளை இல்லை. தாய்மாமன் சீராக இருக்கட்டும் என்று தனக்கும் மோகனாவுக்கும் அவள் கணவன் குகனுக்கும் அவரே திருச்சிக்கு டிக்கெட் போட்டார். பிள்ளைக்கு அப்போது பதினோரு மாதம். மடியிலேயே வைத்துக்கொண்டு போகலாம், தனி சீட்டு வேண்டாம் என்றார்கள்.

இரண்டாயிரத்து இருபது மார்ச். புறப்பட இரண்டே நாள் இருக்கும்போது நாட்டையே இழுத்து மூடினார்கள்.

பணம் திரும்ப வேண்டுமா, பிறகு டிக்கெட் போட்டுக்கொள்ளக் கிரெடிட்டாக வேண்டுமா என்று கம்பெனி கேட்டது. நம்ம ஆள் சறுக்கினது இங்கேதான். சாமிக்கென்று எடுத்து வைத்த காசைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது உண்டியலில் கை விடுவதற்குச் சமம் என்று பயந்து, ஒருவரையும் கேட்காமல் கிரெடிட் என்ற பொத்தானை அமுக்கிவிட்டார். அதே வருஷம் குகனுக்கு வேலை போயிற்று. வீட்டில் அரிசிக்கே இழுபறி. அந்தப் பணம் இருந்திருந்தால் என்று குகன் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூட சாமிநாதனுக்கு மனம் ஆறியிருக்கும்.

கிரெடிட்டின் கெடு தேதியைக் கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை தள்ளிக் கொடுத்தார்கள். செப்டம்பர் முப்பதுக்குள் டிக்கெட் போட வேண்டும், இதுவே கடைசி என்று மின்னஞ்சல் வந்தபோது தேவிஸ்ரீக்கு நாலு வயது தாண்டியிருந்தது. கத்தரி படாத முடி முதுகை மூடிக் கிடந்தது.

மோகனா உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். டிக்கெட் விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. மூன்று பேருக்குப் போட்ட காசில் இப்போது இரண்டு சீட்டுதான் வரும். இரண்டு வயதைத் தாண்டிவிட்டதால் பிள்ளைக்கும் தனி சீட்டு வேண்டுமாம். குகனுக்கு மறுபடி வேலை கிடைத்தும் சம்பளம் பழைய கடனுக்கே சரியாகப் போனது. சாமிநாதனும் அந்த மாதம்தான் தன் பஸ்ஸுக்கு இன்ஜின் வேலை பார்த்துக் கையிருப்பைத் துடைத்திருந்தார்.

மறுநாள் அவர் தங்கா பத்துவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார். எனக்கு இடுப்பு வலி, விமானத்தில் நாலு மணி நேரம் உட்கார முடியாது, நீயும் பிள்ளையும் போய்வாருங்கள், மடிக்கு அங்கே மாமன் முறையில் யாராவது கிடைக்காமலா போவார்கள் என்றார். தினமும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்காருகிற மனுஷனின் பேச்சு இது. மோகனா அவர் முகத்தையே பார்த்தாள். டிக்கெட் போட வேண்டுமென்று கைப்பேசியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். செருப்பை மாட்டுவதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மடிக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தார்.

சனிக்கிழமை கையில் காகிதத்தோடு மோகனாவே அவர் வீட்டுக்கு வந்தாள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் பயணம். சாமிநாதன் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். ஒரு பெயர் தேவிஸ்ரீ. மற்றது சாமிநாதன்.

"தப்பா போட்டுட்டே லா."

"சரியாத்தான் போட்டிருக்கேன் அண்ணே. முடி இறக்கப் புள்ள வேணும், தாய்மாமன் மடி வேணும். நான் எதுக்கு, பக்கத்துல நின்னு அழறதுக்கா?"

"வேண்டிக்கிட்டது நீ. நீ பார்க்க வேணாமா?"

"அவ உசுரோட ஓடி ஆடுறதத் தினம் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் தலை குனிந்துகொண்டார். அன்றைக்குப் பணமாக வாங்கியிருக்கலாம், நான்தான் கெடுத்தேன் என்று முனகினார். வாங்கியிருந்தால் எப்போதோ சோறாகித் தீர்ந்திருக்கும், இந்த இரண்டு சீட்டும் வந்திருக்காது என்றாள் மோகனா. அப்படியும் சாமிநாதன் விடவில்லை.

"எனக்குச் சடை பின்னக்கூடத் தெரியாதே."

"கத்துக்குங்க. போறப்ப மட்டும்தானே. வர்றப்பப் பின்றதுக்கு முடி இருக்காது."

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் இரண்டு மாதம் அந்த முடியோடு மல்லுக்கட்டின. மாமா, இறுக்காதீங்க என்று தேவிஸ்ரீ பாடம் நடத்தினாள். மொட்டைக்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை, மாமாவும் போட வேண்டும். அவர் உடனே சம்மதித்தார். அவர் தலையில் இறக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

விமான நிலையத்தில் குகன், பிள்ளையை மாமனோடு அனுப்பப் பெற்றவர்கள் எழுதிய சம்மதக் கடிதத்தைப் பத்திரமாக மச்சானின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினான். திருச்சியில் அவன் பெரியப்பா மகன் காத்திருப்பார். சடை கோணலாக இருந்தது. சரிசெய்யக் கை நீட்டிய மோகனா, அண்ணன் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தை வைத்து மோந்தாள். பிறகு போய்வரச் சொன்னாள்.

விமானம் மேலே ஏறி, பெல்ட்டைக் கழற்றலாம் என்று விளக்கு அணைந்ததும், தேவிஸ்ரீ தன் சீட்டிலிருந்து இறங்கி மாமன் மடியில் ஏறிச் சுருண்டு தூங்கிப்போனாள். இத்தனை பாடுபட்டு வாங்கிய சீட்டு காலியாகக் கிடந்தது. பழக்கதோஷத்தில் சாமிநாதனின் கை கைப்பேசியைத் தேடிப் போனது. பார்க்க இனி ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. சடையின் நுனி அவிழ்ந்திருந்தது. பிள்ளை விழித்துவிடாமல், இறுக்காமல், அதை மறுபடி பின்னத் தொடங்கினார்.